முன்பக்கத்தில் 303

அண்ணனுடைய வேட்டை லைசென்சின் முன்பக்கத்தில் துப்பாக்கிக் குழலின் அளவு 303 என்று எழுதியிருந்தது. அவர் ஜப்பானியரிடம் ஒப்படைத்த துப்பாக்கியோ 22. விடுபட்ட 303-ஐ மூன்று நாளைக்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தேன்.

கொண்டுவந்தவர் கிளேபாங்கைச் சேர்ந்த மலாய்க் காவலர். பழைய ஆட்சியிலும் காஜா பெராங் சாலையில் சைக்கிளில் ரோந்து வந்தவர்தான். அன்று வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, மலாய் வழக்கப்படி அண்ணனை அபாங் என்றும் என்னை நோனா என்றும் சொல்லிப் பேசினார்.

“உங்க அபாங்கிட்ட சொல்லுங்க, நோனா. ஒளிச்சு வைக்க வேண்டாம். பட்டாளத்து அளவு துப்பாக்கி வச்சிருந்தவங்க பேரையெல்லாம் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்திருக்காங்க. ஸ்டோரில் 303 குவியலில் தேடினாங்க. உங்க அபாங் பேரில் 303 இல்லை.”

“மூணு நாளில் கொண்டுவராவிட்டால்?”

அவர் சைக்கிள் மணியைத் துடைத்தார். “வரச் சொல்லுங்க,” என்றார்.

கடிதம் அனுப்பிய அந்த ஜப்பானிய அலுவலகத்துக்குள் போய்த் திரும்பாதவர்கள் இருந்தார்கள். எங்கள் வரிசையிலேயே ஒரு வீடு பூட்டிக் கிடந்தது.

நான் மருந்தறையில் மருந்து நிறுத்துக் கொடுக்கும் டிஸ்பென்சர் வேலைக்குப் பயின்றவள். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போன பிறகும் தராசு அங்கேயே இருந்தது, நானும் இருந்தேன். மருந்தறையில் முதலில் கற்றுக்கொடுப்பது, புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாதே, உள்ளே இருப்பதைப் பார் என்பது. எனவே அன்று மாலை முதல் வேலையாக அண்ணனின் டிரங்குப் பெட்டியிலிருந்து லைசென்சை எடுத்து, முதல் வரி முதல் கடைசி முத்திரை வரை வாசித்தேன்.

மான் வேட்டைக்கான விதிகள் உள்பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. நான் அவற்றைத் தமிழில் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மிளா என்னும் பெரிய மானைச் சுட, 22 போன்ற சிறுகுழல் ரைபிள் கூடாது.
குண்டின் எடை குறிப்பிட்ட கிரெய்னுக்குக் குறையக் கூடாது.
குண்டின் மூக்கு ஈயமாக இருக்க வேண்டும். முழுவதும் உலோக உறை போட்ட பட்டாளத்துக் குண்டு கூடாது.
ரவைத் துப்பாக்கியானால் பெரிய ரவை மட்டும்.
வாங்கும் தோட்டாவெல்லாம் பின்பக்கத்தில் கடைக்காரர் கையால் பதிவாக வேண்டும்.

கிரெய்ன் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அந்த விதிகள் புரிந்துவிட்டன. நாங்கள் மருந்து நிறுக்கும் அளவு அதுதான். ஒரு குயினின் மாத்திரை ஐந்து கிரெய்ன். 22 தோட்டாவின் குண்டு நாற்பது கிரெய்ன், அதாவது எட்டு மாத்திரை. எட்டு மாத்திரை எடையுள்ள ஈயத்தை ஒரு மிளாவின் மேல் எறிந்தால் அது அங்கேயே சாகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடி, நாலு நாள் கிடந்து சாகும். பட்டாளத்துக் குண்டோ ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் சுத்தமாக வெளியேறிவிடும், அப்போதும் மிளா ஓடும். யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதிய விதிகள். அவற்றில் எதையும் அண்ணன் வாசித்திருக்கவில்லை.

அண்ணன் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டினார். பெட்ரோல் இல்லாததால் லோரி அப்போது கரிப்புகையில் ஓடியது. அவரும் கரி பூசித்தான் வீடு வருவார். அப்பா அம்மா இல்லாத வீடு. அண்ணன், அண்ணி, நான், மூன்றே பேர். அவர் குளித்து, தட்டின்முன் உட்காரும்வரை காத்திருந்து கடிதத்தை வைத்தேன்.

“அண்ணே, 303 எங்கே?”

“எந்த 303?”

“லைசென்சில இருக்கே, அது.”

“அதுவா? அது சும்மா எழுதினது, பாப்பா.”

“சும்மான்னா?”

“மான் லைசென்சுக்குப் பெரிய துப்பாக்கி வேணும்னாங்க. தோட்டத்துத் துரை ஊருக்குப் போறப்ப எனக்குக் கொடுத்தது இந்தச் சின்னதுதான். அதை எழுதினா அணிலுக்குத்தான் லைசென்ஸ் தருவாங்க. அணில் சுடறவன்னு சீட்டைச் சட்டைப்பையில வச்சிக்கிட்டு நான் எப்படித் தெருவுல நடக்கிறது?”

“அதுக்கு 303-ன்னா எழுதுவீங்க?”

“எனக்குத் தெரிஞ்ச பெரிய நம்பர் அதுதான்.”

கவாத்து மைதானத்தில் சிப்பாய்கள் தோளில் வைத்திருந்தது அது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த எண். பொய் சொல்லும்போது வேறு எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் இந்தக் கடிதம் வந்திருக்காது. அதைச் சொன்னேன். அவர் மரவள்ளிக்கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அண்ணி அடுப்பிலிருந்து திரும்பினார். “அப்ப நீங்க சுட்டுக்கிட்டு வந்த மிளாவெல்லாம்?”

அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சொல்ல வேணாம், எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தொடையைக் கழுவறப்போ பட்டாணி பட்டாணியா ஈய ரவை பொறுக்கினது நான்தானே? ரைபிள்ல சுட்ட கறியில ரவை எங்கேயிருந்து வரும்?”

“தெரிஞ்சா ஏன் அப்பவே கேக்கல?”

“கறி வந்துச்சு, தின்னோம். கேட்டா கறி நின்னுடும்.”

அண்ணன் முகத்தில் அடி விழுந்ததுபோல் இருந்தது. ரவைத் துப்பாக்கி கம்போங் என்னும் மலாய்க் கிராமத்து ஆட்களுடையது. அவர்களை லோரியில் ஏற்றிக் காட்டு விளிம்புக்குக் கொண்டுபோனவர் அண்ணன். அதற்கு ஒரு தொடை பங்கு. அந்தத் தொடையைத்தான் எங்கள் தெரு முழுக்கத் துண்டு துண்டாகப் பகிர்ந்து, ‘என் 303-க்கு விழுந்தது’ என்று சொல்லியிருக்கிறார்.

நான் லைசென்சைத் திருப்பினேன். பின்பக்கத்தில், விதி சொன்னபடி, தோட்டாக் கடைக்காரரின் மூன்று பதிவுகள். மூன்றிலும் அளவு 22. ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா. முன்பக்கத்தை யார் யாரோ பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பின்பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. 303 வைத்திருந்த ஒரு மனிதன் ஒரு 303 தோட்டாகூட வாங்கியதில்லை. அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

“அண்ணே, நூற்றைம்பது வாங்கியிருக்கீங்க. மீதி எவ்வளவு?”

அவர் எழுந்து கையைக் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

மீதி, பின்கட்டில் லோரிக்கென்று வைத்திருந்த கரிமூட்டைக்குள், ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. துப்பாக்கியை ஒப்படைத்த நாளில் தோட்டாவையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கத்தியிருந்தார்கள். தோட்டா வைத்திருந்தால் என்ன தண்டனை என்றும் கத்தியிருந்தார்கள்.

“ஏன் கொடுக்கல?” என்று கேட்டபோது என் குரல் எனக்கே மருந்தறைக் குரலாகக் கேட்டது.

“துப்பாக்கியைச் சாக்குல சுத்திக் கொடுத்துட்டேன். பிரிச்சுப் பாக்கல, ரைபிள் ஒண்ணுன்னு எழுதிக்கிட்டாங்க. தோட்டாவை மேசையில கொட்டி எண்ணுனாங்க, பாப்பா. வரிசையில பாதிப் பேர் நம்ம தெரு ஆளுங்க. என் கறியைத் தின்னவங்க. அவங்க முன்னாடி அந்தக் குட்டித் தோட்டாவை எப்படிக் கொட்டறது?”

அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார். “இதுக்காகவா? இதுக்காகவா நம்ம வீட்டுல எமனை மூட்டை கட்டி வச்சீங்க?”

“நாளைக்கே கடல்ல போட்டுடறேன்.”

“போடக் கூடாது,” என்றேன். “கடலுக்குப் போற வழியில ரெண்டு இடத்துல சிப்பாய் காவல் இருக்கு. அதைத் தாண்டினாலும், பின்பக்கத்தைக் காட்டினா மீதி எங்கேன்னு கேப்பாங்க. பின்பக்கத்தைக் காட்டாம நம்மகிட்ட வேற சாட்சி இல்ல. ரெண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோகணும்.”

“நீயே என்னைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வருவ போலிருக்கே.”

“ஆமா. முழுசாக் கொண்டுபோய், முழுசாக் கூட்டிக்கிட்டு வருவேன்.”

அப்படிச் சொன்னேனே தவிர, அதற்கு எந்த உறுதியும் என்னிடம் இல்லை. நோட்டைத் திறந்து, அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளை வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன சான்று இருக்கிறது என்று எழுதினேன். ஒப்படைத்தது எந்தத் துப்பாக்கி? லைசென்சில் உள்ள தொடர் எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகும். அளவு என்ன? ஐந்து புள்ளி ஆறு மில்லிமீட்டர். அவர்கள் அங்குலத்தில் யோசிப்பதில்லை என்பதால் மாற்றிப் போட்டேன். எத்தனை தோட்டா மீதி? எண்ணினேன், நாற்பத்தொன்று. மற்ற நூற்றொன்பது எங்கே? அண்ணனைக் கேட்டேன்.

“தேங்காய்,” என்றார்.

“எல்லாமா?”

“ஒரு முசாங் மரநாய். ரெண்டு அணில். ஒரு சருகுமான்… இல்ல, அது ஓடிடுச்சு.”

அதையும் எழுதிக்கொண்டேன். கடைசிக் கேள்விக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. தோட்டாவை ஏன் அன்றே ஒப்படைக்கவில்லை?

இரண்டாம் நாள் மாலை, பழைய லைசென்சை எழுதிய குமாஸ்தாவைப் பார்க்கப் போனேன். அவர் கம்போங் சிட்டியில் இருந்தார், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த சிட்டி ஆட்கள் கோயிலுக்குப் போவார்கள், விபூதி பூசுவார்கள், பேச்சு மட்டும் மலாய். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பழைய அலுவலகத்தில் இருந்தவர் புதிய ஆட்சியிலும் அதே நாற்காலியில் இருந்தார்.

நான் லைசென்சை நீட்டியதுமே அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“அளவை உன் அபாங் சொன்னார், நான் எழுதினேன்,” என்றார் மலாயில்.

“துப்பாக்கியைப் பார்த்தீங்களா, மாமா?”

“எண்ணைப் பார்த்துத்தான் எழுதினேன். எண்ணில் தப்பு இருக்காது.”

“எண்ணைப் பார்த்தா குழலையும் பார்த்திருப்பீங்களே.”

அவர் லைசென்சை மடித்து என்னிடமே நீட்டினார். “ஒரு தொடை கொடுத்தார்,” என்றார் கடைசியில். “நல்ல கறி.”

“நாளைக்கு அந்தத் துப்பாக்கியை ஸ்டோரிலிருந்து எடுத்துவந்தால்தான் எண்ணை ஒப்பிட முடியும். சாக்கோட கிடக்கு. எந்தக் குவியல்ல கிடக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

“எடுத்தால், யார் தப்பா எழுதினதுன்னு கேப்பாங்க. என் பேர் வருமா?”

“கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். கேட்காமல் சொல்லவும் மாட்டேன்.”

“அது எனக்குப் போதாதே.”

“என்கிட்ட இருக்கிறது அவ்வளவுதான், மாமா.”

அவர் கதவைப் பாதி சாத்தினார். மீதியைச் சாத்தவில்லை, ஆனால் போய்வா என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை காவலர் மறுபடி வந்தார், அண்ணனை அழைத்துப்போக. அவருக்காகத்தான் காத்திருந்தேன். தோட்டாவை நாங்கள் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், முதல் காவலிலேயே எங்கள் கதை முடிந்துவிடும். டின்னை வேலிமேல் வைத்து, மூடியைத் திறந்து காட்டினேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். “அலாமா! இது என்ன நோனா?”

“நாற்பத்தொன்று. எண்ணிப் பாருங்க. எண்ணி இந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, நீங்களே கொண்டுவாங்க. நாங்க ஒப்படைக்கிறோம், நீங்க பறிமுதல் செய்யலை.”

“நானா தூக்கணும்?”

“உடுப்புப் போட்டவர் நீங்க ஒருத்தர்தான்.”

அண்ணன் அத்தனை பயத்திலும் சிரித்துவிட்டார். காவலர் அவரை முறைத்தார். ஆனால் எண்ணினார், இரண்டு தடவை எண்ணினார். மூவரும் நடந்தே போனோம். ஜாலான் துக்காங் எமாஸ் முனையில் இருந்த காவலில் மூவரும் குனிந்து வணங்கினோம். சிப்பாய் காவலரின் கையிலிருந்த டின்னைப் பார்த்தான், உடுப்பைப் பார்த்தான், போகச் சொன்னான். அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில் இருந்தது. அண்ணன் அதற்கும் ஒரு தடவை குனிந்தார்.

அலுவலகத்தில் அதிகாரி ஒருவர், மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மூலையில் தன் மேசையில் குமாஸ்தா. சுவர் ஓரம் வேறு வேலையாக வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அதில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர்.

“303 எங்கே?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

நான் மலாயில் எழுதியிருந்த தாளை மேசையில் வைத்து, லைசென்சைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி அதன் பக்கத்தில் வைத்தேன். “303 என்று ஒன்று இல்லை. லைசென்சில் அளவு தவறு. தோட்டா வாங்கிய பதிவு மூன்றும் 22. ஐந்து புள்ளி ஆறு மில்லிமீட்டர். ஒப்படைத்த துப்பாக்கியை எடுத்துவந்தால் எண்ணைச் சரிபார்க்கலாம்.”

அதிகாரி என்னை ஏறிட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். நான் யார் என்று கேட்கிறார் என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“தங்கை. ஆஸ்பத்திரி மருந்தறையில் வேலை.”

அதிகாரி தாளைக் கீழிருந்து மேலாக ஒருமுறை, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். எண்கள் மட்டும் அவருக்குப் புரிந்திருக்கும். பிறகு குமாஸ்தாவின் பக்கம் தலையை அசைத்தார்.

குமாஸ்தா உடனே எழவில்லை. பேனாவை மூடினார். மூடியைச் சரிபார்த்தார். ஸ்டோரில் தேடினேன், கிடைக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு இல்லை. அவர் என்னைப் பார்க்காமலே எழுந்து உள்ளே போனார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த அறையின் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சாக்கு இருந்தது.

சாக்கைப் பிரித்ததும் வரிசையில் நின்ற எங்கள் தெருக்காரர் ஒருவர், “இதுவா?” என்றார், மெதுவாகத்தான். அந்தப் பெரிய மேசையின் மேல் அது உண்மையிலேயே விளையாட்டுச் சாமான்போல் கிடந்தது. மொழிபெயர்ப்பாளர் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். லைசென்சில் நான் விரலை வைத்து வந்தேன். ஒத்துப்போனது. கடைசி இலக்கம்வரை.

அப்போது காவலர் டின்னை வைத்தார்.

அதிகாரி எழுந்துவிட்டார். ஒரு தோட்டாவை எடுத்துத் துப்பாக்கிக்குள் போட்டு, பொருந்துவதைப் பார்த்து, வெளியே எடுத்தார். பிறகு அவர் கேட்ட கேள்வியை மொழிபெயர்ப்பாளர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. என் நோட்டில் காலியாகக் கிடந்த கேள்வி.

அதற்கு நான் ஒரு பதில் தயாரித்திருந்தேன்: மறந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தார்.

“மாலு, துவான்,” என்றார்.

வெட்கம், ஐயா என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லாமல், “என்ன வெட்கம்?” என்று தானே கேட்டார்.

“நான் மான் வேட்டைக்காரன்னு ஊரில் சொல்லிக்கிட்டேன். நான் ஒரு மானும் சுட்டதில்லை. இந்தத் துப்பாக்கியில் மான் விழாது. தோட்டாவைக் கொட்டினால் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதனால் கொடுக்கவில்லை. லைசென்சிலும் நான்தான் பொய் சொன்னேன். எழுதினவர் மேல் தப்பில்லை.”

அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். என் தாளில் இல்லாத பதில் அது, என் தாளில் இருந்தவை எல்லாவற்றையும்விடச் சரியான பதில். மொழிபெயர்ப்பாளர் நீளமாகச் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அண்ணனை இரண்டு கன்னத்திலும் அறைந்தார். இரண்டாம் அறையில் அண்ணன் மண்டியிட்டு விழுந்து, எழுந்து, நேராக நின்றார். அதிகாரி எங்கள் தாளைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“போகலாம்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “இனி எந்தத் துப்பாக்கியையும் தொடக் கூடாது.”

காவலர் எங்களுக்கு முன்பே வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. “வா பாப்பா. உயிர் இருக்கு. போதும்.”

நான் குமாஸ்தாவின் மேசைக்குப் போனேன். “மாமா, பதிவேடு.”

“என்ன பதிவேடு?”

“உங்க புத்தகத்தில் இன்னும் 303-தான் இருக்கு. இந்த அதிகாரி மாற்றலாகிப் போனால் அடுத்தவர் அதைத்தான் வாசிப்பார். அப்போ இந்த டின்னும் இருக்காது, இன்னிக்கு இதைப் பார்த்தவங்களும் இருக்க மாட்டாங்க.”

“அடியம்மா, போலாம்னா வாயேன்,” என்றார் அண்ணன்.

குமாஸ்தா மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் அலுப்போடு தலையசைத்தார். தடித்த புத்தகத்தில் பக்கம் தேடி, 303-ன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, அதன் மேலே 22 என்று எழுதினார் குமாஸ்தா. துப்பாக்கி பெறப்பட்டது, தோட்டா நாற்பத்தொன்று பெறப்பட்டது என்று ஓரத்தில் சேர்த்தார். திருத்தத்துக்குப் பக்கத்தில் லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

வரிசையில் நின்ற எங்கள் தெருக்காரர்கள் இருவரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு பேனாவை வாங்கினார். முழுப் பெயரையும் எழுதினார், மெதுவாக. இடது கை சும்மாதான் இருந்தது. அதை வைத்து அவர் பக்கத்தை மறைக்கவில்லை.